எட்டு உருளையும் பத்து உருளையும்

ஜெர்மனியின் தென்பகுதியிலுள்ள பவேரியா மாநிலத்தில் டிங்கோல்ஃபிங் என்னும் சிறு நகரம் ஒன்று உண்டு. பி.எம்.டபிள்யூ. நிறுவனத்தின் பெரிய கார்த் தொழிற்சாலை அங்கேதான் இருக்கிறது. அத்தொழிற்சாலையிலிருந்து 1998-க்கும் 2003-க்கும் இடையில் 'எம்-5' என்ற பெயருடன் 20,482 கார்கள் வெளிவந்தன. பிறகு அதே பெயரில், முற்றிலும் புதிய வடிவமைப்பில், 2005 முதல் 2010 வரை 20,548 கார்கள் வெளிவந்தன. எண்ணிக்கையில் நூறுகூட வித்தியாசமில்லை. இரண்டுக்கும் நான்கு கதவுகள். இரண்டிலும் ஒரு குடும்பமே வசதியாக உட்காரலாம். பின்னால் பெட்டி படுக்கை வைக்க இடமும் உண்டு. ஆனால் ஓட்டிப் பார்த்தவர்களைக் கேட்டால், இவை இரண்டும் ஒரே வம்சத்தில் பிறந்தவைதாமா என்று ஐயப்படுகிறார்கள். பழுதுபார்ப்பவர்களைக் கேட்டாலோ, இன்னும் காரமான பதில் கிடைக்கிறது.

வாசகர்களே, நம்மில் பெரும்பாலோர் இந்தக் கார்களைப் படத்தில்தான் பார்க்கப் போகிறோம். இருந்தாலும் இவற்றின் கதை நமக்கு வேண்டும். ஏழே ஆண்டு இடைவெளியில் ஒரே நிறுவனத்தின் பொறியாளர்கள் ஒரே கேள்விக்கு இரண்டு வெவ்வேறு விடைகளைக் கண்டார்கள். அந்த விடைகளைச் சோதித்துப் பார்க்க மேனிலைப் பள்ளி இயற்பியலே பெரும்பாலும் போதுமானது.

முதலில் ஸ்போர்ட்ஸ் செடான் என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். பந்தயக் காரின் எஞ்சினையும் கட்டுப்பாட்டையும் சாதாரண நான்கு கதவுக் காருக்குள் அடக்கினால் அதுவே ஸ்போர்ட்ஸ் செடான். முதல் எம்-5 1985-இல் வந்தது. அதில் இருந்தது, எம்-1 என்ற பந்தயப் பண்புள்ள காரின் ஆறு உருளை எஞ்சினின் வழித்தோன்றல். திறன் 286 குதிரைத்திறன். 1988-இல் வந்த இரண்டாம் தலைமுறையும் ஆறு உருளைக் காரே. நாம் பேசப்போவது மூன்றாவதையும் நான்காவதையும். நிறுவனத்தார் வைத்த உட்குறியீடுகள் ஈ-39, ஈ-60 என்பவை. இங்கே 'பழையது', 'புதியது' என்றே சொல்வோம்.

பழையதில் எட்டு உருளைகள் 'வி' வடிவில் அமைந்தன. கொள்ளளவு 4,941 கன சென்டிமீட்டர். திறன் 400 குதிரைத்திறன். அது நிமிடத்துக்கு 6,600 சுழற்சியில் கிடைக்கும். புதியதில் பத்து உருளைகள். கொள்ளளவு 4,999 கன சென்டிமீட்டர், அதாவது ஒரு சிறு டம்ளர் அளவுதான் கூடுதல். ஆனால் திறனோ 507 குதிரைத்திறன். அது கிடைப்பது 7,750 சுழற்சியில். பருமன் கூடாமல் திறன் மட்டும் கால் பங்குக்கு மேல் கூடியது எப்படி?

விடை ஒரு சூத்திரத்தில் இருக்கிறது. திறன் என்பது முறுக்கு விசையையும் கோணத் திசைவேகத்தையும் பெருக்கி வருவது. பழைய எஞ்சினின் உச்ச முறுக்கு விசை 500 நியூட்டன் மீட்டர். புதியதன் உச்சம் 520. லிட்டருக்கு எவ்வளவு என்று வகுத்துப் பாருங்கள்: 101, 104. ஒரு லிட்டர் காற்றில் எரியக்கூடிய பெட்ரோல் இவ்வளவுதான், அதிலிருந்து கிடைக்கும் தள்ளும் விசையும் இவ்வளவுதான் என்று இயற்கை ஒரு வரம்பு கட்டியிருக்கிறது. காற்றை அழுத்தி உள்ளே திணிக்கும் டர்போ இல்லாமல் அந்த வரம்பைத் தாண்டுவது கடினம். ஆகவே திறன் வேண்டுமென்றால் திறந்திருக்கும் ஒரே வாசல் சுழற்சி வேகம்தான். புதிய எஞ்சினைச் செய்தவர்கள் அந்த வாசல் வழியாகத்தான் போனார்கள். உச்ச வேகத்தை 7,000 சுழற்சியிலிருந்து 8,250-க்கு உயர்த்தினார்கள்.

அவர்களுக்கு இந்த ஆசை வந்ததற்கு வரலாற்றுக் காரணம் ஒன்று உண்டு. 2000 முதல் 2005 வரை ஃபார்முலா-1 பந்தயங்களில் வில்லியம்ஸ் அணிக்கு பி.எம்.டபிள்யூ. பத்து உருளை எஞ்சின்களைக் கொடுத்து வந்தது. அந்த எஞ்சின்கள் நிமிடத்துக்கு 18,000-க்கும் மேலாகச் சுழன்றவை. லாண்ட்ஷூட் நகரிலுள்ள வார்ப்பாலையில் பந்தய எஞ்சினுக்கும் எம்-5-க்கும் அலுமினிய உடல்கள் வார்க்கப்பட்டன. இரண்டுக்கும் பொதுவான பாகங்கள் இருந்தன என்று எண்ணிவிட வேண்டாம். உருளைகளின் எண்ணிக்கையும், வேகமாகச் சுழற்றித் திறன் பெறுவது என்ற கொள்கையுமே பொது. இதில் ஒரு வேடிக்கை: புதிய கார் விற்பனைக்கு வந்த மறு ஆண்டே, 2006-இல், ஃபார்முலா-1 விதிகள் மாறிப் பந்தயக் களத்தில் எட்டு உருளைகள் கட்டாயமாகிவிட்டன.

வேகம் ஒன்று, முடுக்கம் வேறு

இங்கே ஒரு கணக்குப் போடுவோம். தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள்.

எஞ்சின் வேகமாகச் சுழன்றால் பிஸ்டன் வேகமாக ஓட வேண்டும், தேய்மானம் கூடும். இதைத் தவிர்க்கப் பொறியாளர்கள் பிஸ்டன் ஓடும் தூரத்தைக் குறைப்பார்கள். பழைய எஞ்சினில் பிஸ்டன் மேலிருந்து கீழ் வர ஓடும் தூரம் 89 மில்லிமீட்டர். புதியதில் 75.2 மில்லிமீட்டர் மட்டுமே. ஒரு சுழற்சியில் பிஸ்டன் இத்தூரத்தை இருமுறை கடக்கிறது. அப்படியானால் 7,000 சுழற்சியில் பழைய பிஸ்டனின் சராசரி வேகம் வினாடிக்கு 20.8 மீட்டர். 8,250 சுழற்சியில் புதியதன் சராசரி வேகம் 20.7 மீட்டர். ஏறக்குறைய ஒன்றே! இவ்வளவு கச்சிதமாக இரண்டும் பொருந்துவது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. பழைய எஞ்சின் தாங்கிய எல்லைக்குள்ளேயே புதியதையும் நிறுத்தப் பார்த்திருக்கிறார்கள்.

ஆனால் பிஸ்டன் ஒரே திசையில் ஓடுவதில்லை; ஒவ்வொரு முனையிலும் நின்று திரும்ப வேண்டும். இதைத் தனிச் சீரிசை இயக்கமாகக் கொண்டால், முனையில் முடுக்கம் கோணத் திசைவேகத்தின் வர்க்கத்தையும் வீச்சையும் பெருக்கி வருவது. வேகத்தில் ஒருமடி, முடுக்கத்தில் வர்க்கம். வம்பு இந்த வர்க்கத்தில்தான் இருக்கிறது. பழையதில் முடுக்கம் சுமார் 23,900 அலகு. புதியதில் சுமார் 28,100 அலகு. அதாவது புவியீர்ப்பு முடுக்கத்தைப் போல் முறையே 2,400 மடங்கும் 2,860 மடங்கும். அரைக் கிலோ நிறையுள்ள பொருள் ஒன்று 28,100 அலகு முடுக்கத்தோடு திரும்ப வேண்டுமானால், அதைப் பிடித்திழுக்கத் தேவையான விசை சுமார் 14,000 நியூட்டன். ஏறத்தாழ ஒன்றரை டன் பாரத்தை ஒரு கம்பியில் தொங்கவிட்டது போன்ற இழுப்பு, வினாடிக்கு 137 முறை. பத்து உருளைகளில் பிஸ்டன்கள் சற்றே சிறியவை என்பதால் இந்தச் சுமை ஓரளவு குறையும் என்பது உண்மை. ஆயினும் கிராங்க் தண்டை இணைப்புத் தண்டு கவ்விக்கொள்ளும் இடத்தில் இருக்கும் மெல்லிய உலோகத் தாங்கிகளுக்கு இது எளிய வாழ்க்கை அன்று. அந்த இடத்துக்குப் பிறகு வருவோம்.

ஓட்டுபவரின் கையில்

பழைய காரின் உச்ச முறுக்கு விசை 3,800 சுழற்சியிலேயே கிடைத்துவிடும். புதியதில் உச்சத்தைக் காண 6,100 வரை போக வேண்டும். இந்த ஒரு வேறுபாடே இரு கார்களின் குணத்தையும் பெரும்பாலும் தீர்மானித்துவிடுகிறது. பழையது, சொன்னதும் சுமையைத் தூக்கிக்கொண்டு நடக்கும் நல்ல வண்டிமாடு மாதிரி. நான்காவது கியரிலோ ஐந்தாவது கியரிலோ போட்டுவிட்டு, காலை அழுத்தினால் போதும். புதியதை விரட்ட வேண்டும். விரட்டினால் அதன் குரலே மாறிவிடும். பத்து உருளைகளும் உச்சத்தில் எழுப்பும் ஒலியைப் பந்தயத் திடலில் கேட்டவர்கள் மறப்பதில்லை. நின்ற நிலையிலிருந்து மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தை எட்டப் பழையதற்கு 5.3 வினாடி, புதியதற்கு 4.7 வினாடி என்று நிறுவனம் அறிவித்தது. உச்ச வேகம் இரண்டிலும் மின்னணுக் கருவியால் 250 கிலோமீட்டரில் தடுக்கப்பட்டிருந்தது.

இதில் வேடிக்கையான விஷயம் ஒன்று. புதிய காரைச் சாவி போட்டு எழுப்பும்போதெல்லாம் அது 400 குதிரைத்திறனோடுதான் எழும். மீதி 107 வேண்டுமென்றால் தனியாக ஒரு பொத்தானை அழுத்த வேண்டும். ஊருக்குள் ஓட்ட அப்பன் காரின் திறனே போதும் என்று மகன் கார் ஒப்புக்கொண்டதாக வைத்துக்கொள்ளலாம்.

கியர் மாற்றும் முறையில்தான் இரண்டும் முற்றாகப் பிரிந்தன. பழையதில் ஆறு கியர், காலால் மிதிக்கும் கிளட்ச், கையால் தள்ளும் கம்பி. வேறு முறையே அதில் கிடையாது. புதியதில் ஏழு கியர். கிளட்ச் உண்டு, ஆனால் கிளட்ச் மிதி இல்லை. எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் கருவிகள் கிளட்சைப் பிரித்து, கியரை மாற்றி, மீண்டும் சேர்க்கும். மின்னணு மூளை உத்தரவிடும். இதற்கு எஸ்.எம்.ஜி. என்று பெயர். பதினொரு விதமான மாற்று முறைகளை ஓட்டுபவர் தேர்ந்தெடுக்கலாம். உச்ச வேகத்தில் இது மனிதக் கையைவிட விரைவாக மாற்றியது. ஆனால் போக்குவரத்து நெரிசலில், மெல்ல ஊர்ந்து போகும்போது, ஒவ்வொரு மாற்றத்திலும் பயணிகளின் தலை முன்னும் பின்னும் ஆடியது. கிளட்ச் ஒன்றே இருப்பதால் ஒரு கியரை விட்டு அடுத்ததைப் பிடிக்கும்வரை சக்கரங்களுக்குத் திறன் போவதில்லை. அந்த இடைவெளியை உடல் உணர்ந்துவிடுகிறது. நல்ல ஓட்டுநர் இடது காலால் அந்த இடைவெளியை மழுப்பத் தெரிந்தவர். இயந்திரத்துக்கு அந்தப் பக்குவத்தை அன்று சொல்லித்தர முடியவில்லை. வட அமெரிக்க வாடிக்கையாளர்கள் விடாமல் கேட்டதால் அவர்களுக்கு மட்டும் பின்னர் கையால் மாற்றும் ஆறு கியர்ப் பெட்டி தரப்பட்டது.

எல்லாவற்றிலும் பழையதே மேல் என்று சொல்லிவிட்டால் அது நேர்மையாகாது. பெரிய எட்டு உருளை எஞ்சின் இடத்தை அடைத்துக்கொண்டதால், பழைய காரில் ஸ்டீயரிங்குக்குச் சுழலும் குண்டுகள் கொண்ட பழைய பாணிப் பெட்டியையே பொருத்த வேண்டியிருந்தது. நேர்ப்பாதையில் சக்கரத்தைச் சிறிது அசைத்தால் கார் என்ன செய்யும் என்பது அதில் சற்று மங்கலாகவே தெரியும். புதியதில் பல்சட்டமும் பல்சக்கரமும் கொண்ட நேரடி அமைப்பு வந்தது. அதன் முன்பாகம் அலுமினியத்தால் ஆனது. ஒட்டியும் தறைந்தும் எஃகு உடலோடு சேர்த்திருந்தார்கள். இதனால் எஞ்சினும் கருவிகளும் பெருகியபோதிலும் காரின் எடை சுமார் 35 கிலோ மட்டுமே கூடியது. அதிர்வு தாங்கிகளின் விறைப்பைப் பொத்தானால் மாற்றலாம். பின் சக்கரங்களில் ஒன்று வழுக்கினால் மற்றதற்குத் திறனை அனுப்பும் பூட்டு, தேவைக்கேற்ப இறுகும். வளைவுகள் நிறைந்த பாதையில் இருவரையும் போட்டிக்கு விட்டால் புதியதே முதலில் போய்ச் சேரும்.

ஒரு தக்கை சொன்ன கதை

இனி நம்பகத்தன்மை. இதற்கு நாம் 1883-ஆம் ஆண்டு லண்டனுக்குப் போக வேண்டும்.

அங்கே இயந்திரப் பொறியாளர் கழகத்துக்காக பீச்சம் டவர் என்பவர் அச்சுத் தாங்கிகளில் உராய்வை ஆராய்ந்துகொண்டிருந்தார். எண்ணெய் ஊற்றுவதற்காகத் தாங்கியின் மேற்புறத்தில் ஒரு துளை போட்டார். அச்சு சுழன்றதும் துளை வழியே எண்ணெய் உள்ளே போவதற்குப் பதிலாக மேலே பொங்கி வழிந்தது. தக்கையால் அடைத்தார், தக்கை வெளியே தள்ளப்பட்டது. மரக்கட்டையால் அடைத்தார், அதுவும் தள்ளப்பட்டது. பிறகு ஓர் அழுத்தமானியைப் பொருத்திப் பார்த்தார். தாங்கியின் மீதிருந்த சராசரி அழுத்தத்தைப் போல் இரு மடங்குக்கு எண்ணெயின் அழுத்தம் ஏறியது. அதாவது அச்சு தாங்கியைத் தொடவே இல்லை. சுழற்சியால் உள்ளே இழுக்கப்பட்ட எண்ணெய்ப் படலத்தின் மீது மிதந்துகொண்டிருந்தது! 1886-இல் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் இதற்குக் கணித விளக்கம் தந்தார். திரவ ஓட்டத்தில் ரெனால்ட்ஸ் எண் என்று படிக்கிறோமே, அதே ரெனால்ட்ஸ்தான்.

எல்லாக் கார் எஞ்சினும் இந்தப் படலத்தை நம்பித்தான் ஓடுகிறது. உலோகம் உலோகத்தைத் தொடாதவரை தாங்கிக்குத் தேய்மானம் மிகக் குறைவு. படலம் அறுந்தால் சில நிமிடங்களிலேயே எஞ்சின் பாழ். படலம் நிலைக்க மூன்று வேண்டும்: எண்ணெயின் தகுந்த பாகுநிலை, போதுமான சுழற்சி, தாங்கிக்கும் தண்டுக்கும் இடையே சரியான இடைவெளி. இந்த இடைவெளி தலைமுடியின் பருமனுக்குள் அடங்கும்.

புதிய காரின் பத்து உருளை எஞ்சினில் அடிக்கடி பேசப்படும் குறை இந்த இணைப்புத் தண்டுத் தாங்கிகள் சீக்கிரம் தேய்ந்துவிடுவது. எஞ்சின்களைப் பிரித்துப் பூட்டுகிறவர்கள் பலர் சொல்லும் காரணம், இடைவெளியை மிகவும் குறுகலாக வைத்ததும் அதற்குக் கெட்டியான எண்ணெயைக் குறித்ததும். 10-டபிள்யூ-60 என்ற அந்த எண்ணெய் சூட்டிலும் இளகாமல் நிற்கும். உச்ச வேகத்துக்கு அது நல்லது. ஆனால் காலையில் குளிர்ந்திருக்கும் எஞ்சினில் அது குறுகலான இடைவெளிக்குள் எளிதில் பாயாது. இணையான இரு பரப்புகளுக்கிடையே திரவம் பாயும் அளவு இடைவெளியின் மும்மடியைப் பொறுத்தது. இடைவெளியைப் பத்து சதவீதம் குறைத்தால் எண்ணெய்ப் பாய்வு 27 சதவீதம் குறைந்துவிடும். மேலே கண்ட முடுக்கக் கணக்கையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். எண்ணெய் தாராளமாகக் கிடைக்காத அதே இடத்தில்தான் இழுப்பும் கூடியிருக்கிறது. எஞ்சின் சூடேறும்முன் விரட்டும் பழக்கமுள்ளவர் கையில் இந்தக் கார் நெடுநாள் தாங்காது என்பதில் வியப்பில்லை.

பழைய எட்டு உருளை எஞ்சினும் குறையற்றதன்று. தொடக்க காலத்தில் செய்தவை எண்ணெயை மிகுதியாகக் குடித்தன. 2000-இல் பிஸ்டன் வளையங்களை மாற்றியமைத்தார்கள். வால்வு திறக்கும் நேரத்தை மாற்றும் அமைப்பு வயதானால் கடகடவென்று ஒலிக்கும். சங்கிலியை வழிநடத்தும் பிளாஸ்டிக் பட்டைகள் நொறுங்கும். உருளைத் தலையிலுள்ள காற்றுப் பாதைகளில் கரி படிந்து எச்சரிக்கை விளக்கு எரியும். ஆனால் கவனியுங்கள்: ஒலிப்பது, புகைப்பது, விளக்கு எரிவது, எல்லாமே முன்கூட்டிச் சொல்லிவிட்டு வரும் நோய்கள். தாங்கித் தேய்வோ பெரும்பாலும் சொல்லாமல் வருவது. எஞ்சினுக்குள் தட்டும் ஒலி காதில் விழும்போது பெரும்பாலும் காலம் கடந்திருக்கும். என்னைக் கேட்டால், இரு கார்களின் நம்பகத்தன்மையை ஒப்பிடும்போது எத்தனை முறை பழுதாயிற்று என்பதைவிட, பழுது எப்படி வந்தது என்பதே முக்கியமான கேள்வி.

எண்ணிக்கைக்கும் பங்கு இல்லாமலில்லை. ஓர் அமைப்பின் எல்லா உறுப்புகளும் வேலை செய்தால்தான் அமைப்பு வேலை செய்யும் என்றால், உறுப்புகளின் நம்பகத்தன்மைகளைப் பெருக்க வேண்டும். ஓர் உறுப்பு ஆண்டு முழுதும் பழுதாகாமலிருக்க நூற்றுக்கு 99 வாய்ப்பு என்று வைத்துக்கொள்வோம். அப்படிப்பட்ட எட்டு உறுப்புகளுக்கு 92, பத்துக்கு 90. இருநூறு உறுப்புகளானால் 13 மட்டுமே! புதிய காரில் உறுப்புகள் பெருகின. எட்டுத் தனித்தனிக் காற்றுத் திறப்பிகளைப் பழையதில் ஒரு மோட்டார் இயக்கியது. புதியதில் பத்துக்கு இரண்டு மோட்டார்கள், அவற்றின் சிறு பல்சக்கரங்கள் தேய்ந்து எஞ்சின் திறனிழந்து போவது வழக்கமான புகார். கியர் மாற்றும் கருவிக்கு எண்ணெய் அழுத்தம் கொடுக்கும் பம்பு நின்றுவிட்டால், எஞ்சின் நன்றாக ஓடினாலும் கார் அசையாது. பழைய காரில் இதற்கு ஈடான உறுப்பு ஓட்டுபவரின் இடது கால். அது பழுதாவது அபூர்வம்.

அப்படியானால் புதிய எஞ்சினைத் தோல்வி என்று சொல்லலாமா? அவசரப்பட வேண்டாம். 2005-இலும் 2006-இலும் உலகத்தின் சிறந்த எஞ்சின் என்ற பன்னாட்டு விருதைப் பெற்றது அதுதான். டர்போ இல்லாமல் லிட்டருக்கு 100 குதிரைத்திறனைத் தாண்டி, வீட்டிலிருந்து அலுவலகம் போகும் காரில் அதை வைத்தது சாமானிய வேலையன்று. நடுவர்கள் சோதித்தது புது எஞ்சினை. பத்தாண்டுக்குப் பிறகு இரண்டாம் கையில் வாங்கியவர் சோதித்தது பழைய எஞ்சினை. இரு தீர்ப்புகளும் அவரவர் அளவில் சரியே. ஒரு காரை இருபது ஆண்டு வைத்து ஓட்டப் போகிறவனாக என்னை எண்ணிக்கொண்டால் நான் எட்டு உருளையின் பக்கம்தான் நிற்பேன். ஒரே ஒரு நாள் ஓட்டக் கொடுத்தால் பத்து உருளையை விட மாட்டேன்.

அடுத்த தலைமுறை 2011-இல் வந்தபோது நிறுவனம் தன் பாதையை மாற்றிக்கொண்டது. மீண்டும் எட்டு உருளைகள், இம்முறை இரண்டு டர்போக்கள், 560 குதிரைத்திறன். முறுக்கு விசை 680 நியூட்டன் மீட்டர், அதுவும் 1,500 சுழற்சியிலேயே. ஒற்றைக் கிளட்ச் எஸ்.எம்.ஜி.யின் இடத்தில் இரட்டைக் கிளட்ச் வந்தது. ஒரு கியர் விடும்போதே அடுத்தது பிடித்துக்கொள்வதால் தலையாட்டம் நின்றது. பத்து உருளை எஞ்சின் எம்-5, எம்-6 என்ற இரு கார்களோடு முடிந்துபோயிற்று.

எஞ்சியிருக்கும் பத்து உருளைக் கார்களை வைத்திருப்பவர்கள் இன்று ஒரு புதிய வழக்கத்தைக் கைக்கொண்டிருக்கிறார்கள். தாங்கிகள் கெடும்வரை காத்திராமல், குறிப்பிட்ட தூரம் ஓடியதும் எண்ணெய்த் தொட்டியைக் கழற்றி அவற்றை மாற்றிவிடுகிறார்கள். இடையிடையே எண்ணெய் மாற்றும்போது சிறு புட்டியில் மாதிரி பிடித்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புகிறார்கள். அங்கே எண்ணெயை மிக உயர்ந்த வெப்பத்தில் ஒளிரச் செய்து, அதன் நிறமாலையைப் பார்க்கிறார்கள். சோடியச் சுடரில் மஞ்சள் வரிகளைக் கல்லூரிச் சோதனைக்கூடத்தில் பார்க்கிறோமே, அதே முறைதான். அங்கே அவர்கள் தேடுவது செம்பின் வரிகளையும் ஈயத்தின் வரிகளையும். அவை சென்ற முறையைவிடப் பிரகாசமாகத் தெரிந்தால் தாங்கியின் மேற்பூச்சு கரைந்துகொண்டிருக்கிறது. காதுக்கு எட்டாத நோய் நிறமாலையில் தெரிந்துவிடுகிறது.